பரிந்துரைக் கடிதம் இன்னும் வரவில்லை. பேராசிரியரிடம் மறுபடி கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரா?

கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறீர்கள், கெடு டிசம்பர் 15 என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கடிதங்களில் இரண்டு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏறிவிட்டன. துறைத்தலைவர் மட்டும் "பார்க்கலாம்பா" என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஸ்டாஃப் ரூம் வாசல் வரை போய் நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பியிருக்கிறீர்கள்.

நான் டெல்டாவில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் இந்தக் கடிதங்களை எழுதுகிறவள். வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் வந்து நின்றதே உங்கள் சாருக்குத் தெரிந்திருக்காது. ஹால் டிக்கெட்டுக்கு, இன்டர்னல் மார்க்குக்கு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக்கு என்று அங்கே எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். வாய் திறந்து கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைத்து நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள். அதனாலேயே நல்ல விண்ணப்பங்கள் வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

நவம்பரும் டிசம்பரும் நம் பக்கம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். செமஸ்டர் தேர்வு, ஹால் டியூட்டி, அது முடிந்ததும் பேப்பர் திருத்த வேல்யுவேஷன் கேம்ப். நடுவில் வடகிழக்குப் பருவமழை. கலெக்டர் விடுமுறை விட்டால் தேர்வுகள் தள்ளிப்போகும், பிறகு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நெருக்கும். ஆசிரியர்களில் பலருக்கு ஊரில் நிலம் உண்டு. சம்பாப் பயிரில் தண்ணீர் ஏறி நிற்கிறது, வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று போன் வந்தால், சனி ஞாயிறு அவர் வயலில்தான் இருப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கெடுவோ டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று சரியாக இந்த நேரத்தில் வந்து விழுகிறது. உங்கள் மேல் அவருக்கு ஏதோ மனக்குறை என்று நீங்களாக நினைத்துக்கொண்டு வருந்த வேண்டாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் மாணவி ஒருத்தி விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடிதம் தர வேண்டிய ஆசிரியர் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கே நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிய நேரம் அது. அவள் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டாள்: எங்கள் மாவட்டத்தைப் புயல் தாக்கியிருக்கிறது, ஆசிரியர் ஊரில் மின்சாரம் இல்லை, என் பங்கு முழுவதையும் அனுப்பிவிட்டேன், ஒரு கடிதம் மட்டும் பிந்தும். கூடுதல் நாள் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர் தன் பங்கைக் கெடுவுக்குள் அனுப்பியிருந்தால், கடிதம் சில நாள் பிந்தி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் துறைகள் நிறைய உண்டு. அந்தத் துறையின் இணையதளத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மெயில் போட்டுக் கேளுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், கடிதம் வந்த பிறகு சப்மிட் கொடுக்கலாம் என்று உங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். சில விண்ணப்பப் போர்ட்டல்களில் நீங்கள் சப்மிட் கொடுத்தால்தான் ஆசிரியருக்குக் கடிதம் ஏற்றும் இணைப்பே போகும்.

அடுத்து, சார் "அனுப்பிட்டேன்பா" என்று சொல்லியும் போர்ட்டலில் ஏறாமல் இருக்கலாம். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மெயிலில் ஓர் இணைப்பு இருக்கும், அதைத் திறந்து உள்ளே போய்த்தான் கடிதத்தை ஏற்ற வேண்டும். பழக்கமில்லாத ஆசிரியர் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து, அந்த மெயிலுக்கே ரிப்ளை அனுப்பிவிடுவார். அது பதில் பெறாத தானியங்கி முகவரி. கடிதம் எங்கேயும் போய்ச் சேராது. அவர் மனதில் வேலை முடிந்துவிட்டது, நீங்கள் இங்கே தவித்துக்கொண்டிருப்பீர்கள். இன்னும் சிலருக்கு அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கும். சில படிவங்களில் கடிதத்தோடு ஓர் அட்டவணையும் உண்டு. இந்த மாணவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா என்று ஒவ்வொரு திறமைக்கும் குறிக்க வேண்டும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. பாதியில் மூடிவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

ஆகவே நேரில் போகும்போது இதைச் சொல்லுங்கள்: "சார், மெயில் உங்களுக்கு வந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துடலாமா? லேப்டாப் கொண்டு வந்திருக்கேன்." மெயிலை அவர் திறக்கட்டும், கடிதத்தையும் அவரே ஏற்றட்டும். எந்த இடத்தில் சிக்கல் என்று சொல்ல மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். போர்ட்டலில் நினைவூட்டல் அனுப்பும் பொத்தான் இருந்தால், போவதற்கு முன் அதை அழுத்திவிட்டால் மெயில் மேலே வந்து நிற்கும்.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டால்? நம் கல்லூரிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது, எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆசிரியர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்றுதான் அங்கே கேட்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் மாணவரே எழுதுவதை வெளிப்படையாகத் தடுத்திருக்கின்றன. மறுத்துப் பேச வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: அவரிடம் எந்தப் பேப்பர் படித்தீர்கள், ப்ராஜெக்ட் எதைப் பற்றி, லேபில் எந்தக் கருவி பழுதானபோது என்ன செய்தீர்கள், எந்த செமினாரில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி மறுநாள் வந்தீர்கள். "சார், உங்க ஞாபகத்துக்கு இது, நீங்க எழுதினா நல்லாருக்கும்" என்று கொடுங்கள். எனக்கு இப்படி ஒரு தாள் கையில் கிடைத்தால் அன்று இரவே உட்கார்ந்து எழுதிவிடுவேன். ஆண்டுக்கு அறுபது முகங்களைப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருவதுதான் பெரிய உதவி.

விண்ணப்பத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்திருக்கும். மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தரும் அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டத்தால் வந்தது அது. விட்டுக்கொடுத்திருந்தால் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் அதன் பிறகு "என்ன எழுதினீங்க சார்" என்று கேட்கக் கூடாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். நம் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த கணித ஆர்வலர் ராமசுவாமி ஐயரைத் தேடிப் போனார். அவர் சென்னையிலுள்ள நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-இல் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பித்தபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையும் கூடப் போனது. அவ்வளவு பெரிய மூளைக்காரரும் போய்க் கேட்டுத்தான் வாங்கினார்.

நேரில் பார்க்க முடியாவிட்டால் வாட்ஸாப்பில் இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். டிசம்பர் 15 கெடு உள்ள விண்ணப்பத்துக்கு உங்கள் கடிதம் மட்டும் வர வேண்டியிருக்கிறது. 10-ஆம் தேதிக்குள் முடியுமா சார்? வேலை அதிகம் இருந்தால் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன், தவறாக நினைக்க மாட்டேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று சொல்ல வழி இருந்தால்தான் ஆசிரியரும் மனம்விட்டுப் பதில் சொல்வார்.

இன்னொருவரிடம் இப்போதே பேசி வையுங்கள், ப்ராஜெக்ட் கைடோ இளங்கலையில் சொல்லிக்கொடுத்தவரோ. முதலாமவர் இன்னும் ஏற்றாத வரை பெரும்பாலான போர்ட்டல்களில் பெயரை மாற்ற முடியும். கெடு நேரம் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் 15 இரவு 11:59 என்றால், நமக்கு 16 காலை 10:29. அந்தக் காலை வரை இழுக்க வேண்டாம். 11-ஆம் தேதி காலை வரை சாரிடமிருந்து பதில் இல்லையென்றால் பெயரை மாற்றிவிட்டு, அவருக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள்.