ஒன்பதுக்குப் படுத்தும் ஒரு மணி வரை தூக்கமில்லை

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி வெச்சிருக்கறனுங்க, வயசு 44. நாலு மாசமா ராத்திரி ஒம்பதுக்குப் படுத்தா ஒரு மணி வரைக்கும் தூக்கமே வர்றதில்லீங்க. அஞ்சு மணிக்கு எந்திரிச்சறேன். பிரஷர் 150/96 காட்டுது. வூட்டுல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறேன். மெடிக்கல்ல கேட்டு ஒரு தூக்க மாத்திரை போட்டுட்டு இருக்கறேன். உடம்பைக் கெடுக்குமுங்களா?

பதில்: கெடுக்கும். வாரம் 3 இரவாவது, 3 மாதம் தாண்டி நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். விழித்தே கிடந்தால் அந்த இறக்கம் குறைந்துபோகிறது. இன்சுலினும் சரிவர வேலை செய்யாமல் சர்க்கரை ஏறும். எரிச்சலும் இதன் விளைவாக இருக்கலாம். தூக்கமின்மை நீடிப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு.

மாத்திரையைச் சீட்டில்லாமல் இனி வாங்காதீர்கள். ஆனால் இன்றே நிறுத்தியும் விடாதீர்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைத் திடீரென விட்டால் நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

மாற்ற வேண்டியது படுக்கும் நேரத்தை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்து நாலு மணி நேரம் தூங்குகிறீர்கள். "கட்டில் என்றால் விழித்துக் கிடக்கும் இடம்" என்று மூளை பழகிவிட்டது. எழுவது 5 மணி என்பதை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாமல், 11.30-க்குத்தான் படுங்கள். 20 நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கல் வெளிச்சத்தில் உட்காருங்கள். போன் வேண்டாம், கடிகாரமும் பார்க்க வேண்டாம். கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கிய வாரம் முடிந்ததும் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் அதிகமாகவே தள்ளும், பலர் கைவிடுவது அங்கேதான். அந்த நாட்களில் தறியில் ஓடுகிற பாகத்தின் பக்கம் கை வைக்காதீர்கள், இரவில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோயோ, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவர் துணையில்லாமல் இதைச் செய்யக் கூடாது. டீ மதியம் 2 மணியோடு போதும். காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரமாகும்.

குறட்டை பலமாக வந்து நடுவில் மூச்சு நின்று திணறுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம், பிரஷர் ஏறவும் அதுவே காரணமாகலாம். அதற்குத் தூக்கப் பரிசோதனை தேவை, கோவையில் செய்துகொள்ளலாம். பிரஷரை இந்த வாரமே காட்டிவிடுங்கள். மனசு தாங்காவிட்டால் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை எண், தமிழிலேயே பேசலாம்.