தேன் எடுக்கும் இயந்திரத்துக்கு ஒரு ஹெச்.பி. மோட்டார் எதற்கு?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் 60 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். நான்கு அடைச் சட்டங்களைக் கூண்டில் வைத்துக் கையால் சுற்றித் தேன் எடுக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் போட வேண்டும். ‘ஒரு ஹெச்.பி., நிமிடத்துக்கு 1440 சுற்று. வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போதும்’ என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மோட்டாரும் தவறு, ரெகுலேட்டர் அதைவிடத் தவறு.

இந்தியத் தேனீப் பெட்டியில் தேன் சேரும் மேலறைச் சட்டங்கள் நான்கும் தேனோடு ஐந்தாறு கிலோவைத் தாண்டாது. கால் ஹெச்.பி. தாராளம். பார்க்க வேண்டியது வேகத்தை. வேகம் இரண்டு மடங்கானால் அடையை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் அடையை, 150 சுற்றில் அதன் எடையைப்போல் 5 மடங்கு விசை இழுக்கும்; 300 சுற்றில் 20 மடங்கு; 1440 சுற்றில் 460 மடங்கு. கம்பி கட்டாத புது அடை கூண்டுக் கம்பியில் அப்பிக் கூழாகிவிடும். ரப்பர் தேன் இளந்தளிரின் காம்பில் சுரப்பது, நீர்ப்பதம் கூடியது. 250 சுற்றுக்குள் இறங்கிவிடும்.

கன்டென்சர் வைத்த அந்த மோட்டாருக்குள் ஸ்டார்ட்டிங் காயில் ஒன்று உண்டு. மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளிருக்கும் சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். ரெகுலேட்டரால் வேகத்தைக் குறைத்தால் சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நொடிக்கென்று சுற்றிய காயில் விடாமல் சூடேறிப் புகையும். ரீவைண்டிங் செலவு உங்கள் தலையில்.

பழைய 1440 மோட்டார் ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, கூண்டு அச்சில் 12 அங்குலப் புல்லி போடுங்கள்; 240 சுற்று வரும். பெல்ட்டைத் தளர்வாக மாட்டி, அதை அழுத்த ஒரு சிறு உருளையைக் கைப்பிடியோடு பொருத்துங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடட்டும். நீங்கள் கைப்பிடியை மெல்ல அழுத்த, பெல்ட் வழுக்கி வழுக்கிக் கூண்டு வேகம் பிடிக்கும். பெல்ட் சீக்கிரம் தேயும், அடை தப்பிக்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது.

புதிதாக வாங்குவதானால் கியரோடு வரும் 24 வோல்ட், 250 வாட் டி.சி. மோட்டார். வெளி அச்சு 300 சுற்று அளவில் இருக்கட்டும். 20 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, 12 வோல்ட் பேட்டரி இரண்டு. கரண்ட் இல்லாத தோட்டத்திலும் ஓடும், ஈரத்தரையில் ஷாக் பயமும் இல்லை. வார்ம் (திருகுப்பல்) கியர் மட்டும் வேண்டாம்: மோட்டாருக்குக் கரண்ட் நின்றதும் கூண்டு தானாகச் சுற்றி ஓயாமல் சட்டென்று நிற்கும், அடை முறியும்.

முதல் பக்கத்தை 120 சுற்றில் பாதி இறக்குங்கள். திருப்பி, இரண்டாம் பக்கத்தை 150-இல் தொடங்கி 240 வரை ஏற்றி முழுதும் எடுங்கள். மறுபடி திருப்பி முதல் பக்கத்தை முடியுங்கள். முதலிலேயே ஒரு பக்கத்தை முழுதாகக் காலி செய்தால், மறுபக்கத் தேனின் பாரம் நடு மெழுகைப் பிதுக்கி உடைத்துவிடும். தகரத்தில் தேன் சிதறும் சடசடப்பு ஓய்ந்தால் அந்தப் பக்கம் முடிந்தது.

மானியத்தில் வாங்கித் தருவதாக வரும் தரகர்களிடம் கவனம். கொட்டேஷனில் ஹெச்.பி.யும் தகடும் பெரிதாக இருக்கும், கூண்டின் வேகம் இருக்காது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தாலும் அதை ஒருவரும் கேட்பதில்லை, ஹெச்.பி. கூடினால் விலை கூடும், அவ்வளவே கணக்கு. எத்தனையோ இயந்திரங்கள் இப்படித்தான் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ‘கூண்டு வேகம் 0 முதல் 300 வரை, படிப்படியாக’ என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்துக்கு முன் அடையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூண்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து 15 நொடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள், நிமிடச் சுற்று கிடைக்கும்: குறைந்த வேகத்தில் அது 30 அளவுக்கு இறங்க வேண்டும்.