அலர்ட் லேபிளில் அளவை எழுதலாமா?

கேள்வி: புரோமீத்தியஸ் (அளவுகளைக் கண்காணித்து எச்சரிக்கும் மென்பொருள்) அலர்ட் விதியில் டெம்ப்ளேட் மாறிகளை (மெசேஜில் தானாக நிரம்பும் மதிப்புகளை) லேபிளில் போடுவதா, அனோட்டேஷனில் போடுவதா?

மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை லேபிளில் போடவே போடாதீர்கள். அதற்கு இடம் அனோட்டேஷன்தான், அதாவது அலர்ட்டோடு போகும் விளக்கக் குறிப்பு.

பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைக் கண்காணிப்பது என் வேலை. ஆடிக் காற்று நின்று வீசிய ஒரு ராத்திரி, ஒரு கியர்பாக்ஸ் எண்ணெய் 80 டிகிரிக்கு மேலேயே முக்கால் மணி நேரம் கொதித்திருக்கிறது. 75ஐத் தாண்டி 10 நிமிடம் நீடித்தால் அலர்ட் என்பது எங்கள் விதி. ஒரு மெசேஜ்கூட வரவில்லை. விதியைத் திறந்து பார்த்தால், டாலர் வேல்யூவை, அதாவது அப்போதைய அளவைத் தரும் மாறியை, லேபிளில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு அலர்ட்டுக்கு அடையாளமே அதன் லேபிள்கள்தான். இந்த நிமிடம் 81.2, அடுத்த நிமிடம் 81.4 என்றால் புரோமீத்தியஸுக்கு அவை இரண்டு வேறு அலர்ட்டுகள். பழையது அங்கேயே முடிந்துவிடும். புதியதற்கு 10 நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இப்படியே விடிய விடிய பெண்டிங்கில், அதாவது மெசேஜ் போகாத காத்திருப்பு நிலையில், கிடக்கும். அனோட்டேஷன் அடையாளத்தில் சேராது. அதில் எண் எத்தனை முறை மாறினாலும் பாதகமில்லை.

சரி, அனோட்டேஷனுக்கு மாற்றியாச்சு. அப்புறம் இன்னொரு நாள் வள்ளியூரிலிருந்து டெக்னீஷியன் தம்பி போன் பண்ணினார்: "அண்ணாச்சி, எந்தக் காத்தாடின்னே போடலியே, நான் எதுல போய் ஏற?" மெசேஜில் காற்றாலை எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விதியில் மேக்ஸ் பை (குழுவுக்கு ஒரு அதிகபட்ச அளவை மட்டும் எடுப்பது) போட்டு, காற்றாலைத் தளத்தின் பெயரை மட்டும் வைத்திருந்தோம். காற்றாலை எண் லேபிள் அங்கேயே உதிர்ந்துவிட்டது. விதியின் விடையில் மிஞ்சும் லேபிள்தான் டாலர் லேபிள்ஸில் (மெசேஜுக்கு லேபிள்களைத் தரும் மாறி) கிடைக்கும். இல்லாததைக் கேட்டால் புரோமீத்தியஸ் பிழை சொல்லாது, வெறுமையாக விட்டுவிடும். பை அடைப்புக்குறிக்குள் காற்றாலை எண்ணையும் சேர்த்ததும் சரியானது.

எண்ணையும் அப்படியே கொட்டாதீர்கள். 82.38461538 என்று வந்தால், இருட்டில் பைக்கை நிறுத்திப் படிக்கிறவருக்கு என்ன பயன்? ஹியூமனைஸ் போட்டால் 82.38 என்று வரும், பிரிண்ட்எஃப் போட்டால் நீங்கள் கேட்ட தசமம் மட்டும். விகிதமாக இருந்தால் ஹியூமனைஸ் பர்சன்டேஜ்.

இப்போது வரும் மெசேஜ்: "பணகுடி, காற்றாலை 7, கியர்பாக்ஸ் எண்ணெய் 82.4 டிகிரி." விதியைத் திருத்தும்போதெல்லாம் இந்த வரி எழுத்து மாறாமல் வருகிறதா என்று புரோமீத்தியஸோடு வரும் ப்ரோம்டூல் கருவியின் டெஸ்ட் ரூல்ஸில் (விதிகளைச் சோதிக்கும் கட்டளை) ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுகிறோம்.