மெட்டாஸ்ப்ளாய்ட்டில் செஷன் போன பிறகும் 4444 போர்ட் ஏன் விடுபடவில்லை?

உங்கள் சிக்கல் இதுதானே: வீட்டு லேபில், பாதுகாப்புச் சோதனைக் கருவியான மெட்டாஸ்ப்ளாய்ட்டில், உங்கள் சொந்த விர்ச்சுவல் மெஷினைக் குறிவைத்து மல்டி ஹேண்ட்லரை (ஒரு போர்ட்டில் இணைப்புக்காகக் காத்திருக்கும் பகுதி) ஓட்டினீர்கள். டார்கெட் மெஷினில் கட்டளையிட உதவும் மீட்டர்ப்ரெட்டர் செஷன் வந்தது. 'எக்ஸிட்' அடித்ததும் செஷன் போய்விட்டது. திரும்ப ஓட்டினால் 4444 போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்கிறது.

அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது உங்களுடைய பழைய ஜாப், அதாவது பின்னணியில் இன்னும் ஓடும் ஹேண்ட்லர். எனக்கும் ஆரம்பத்தில் இது புரியாமல், ஒவ்வொரு முறையும் கன்சோலையே மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

ஜாப் என்பது வாசலில் காத்திருக்கும் ஆள். செஷன் என்பது உள்ளே வந்துவிட்ட விருந்தாளி. விருந்தாளி கிளம்பினாலும் வாசலில் நிற்பவர் நகர மாட்டார். வாசலில் நிற்பவரை அனுப்பிவிட்டாலும் உள்ளே இருப்பவர் உட்கார்ந்தேதான் இருப்பார். அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல்: 'ஜாப்ஸ்' என்று அடித்தால் ஒன்று, 'செஷன்ஸ்' என்று அடித்தால் இன்னொன்று. ஜாப் எண் 0-இல் தொடங்கும், செஷன் எண் 1-இல் தொடங்கும். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணமாக முதல் செஷன் கிடைத்ததும் ஹேண்ட்லர் தன் வேலையை முடித்துக்கொள்ளும். நீங்கள் 'எக்ஸிட் ஆன் செஷன்' என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி, ஜாபாக ஓட்டச் சொல்லும் 'மைனஸ் ஜே' போட்டு ஓட்டியிருப்பீர்கள். அப்போது அது பின்னணியில் அடுத்த இணைப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

செஷனிலிருந்து வெளியே வர 'எக்ஸிட்' வேண்டாம், அது இணைப்பையே அறுத்துவிடும். 'பேக்கிரவுண்ட்' என்று அடியுங்கள், அல்லது கன்ட்ரோல் இசட். திரும்ப உள்ளே போக 'செஷன்ஸ் மைனஸ் ஐ' போட்டு எண்ணைக் கொடுத்தால் போதும். போன செஷனின் எண் புதியதற்கு வராது என்பதையும் கவனியுங்கள். செஷன் கிடைத்த பிறகு அதன் மேல் ஓட்டும் போஸ்ட் மாட்யூலில் பழைய எண் அப்படியே கிடந்தால் அது ஓடாது.

அப்புறம், ஒரே ஒரு செஷனை மூட 'செஷன்ஸ் மைனஸ் கே' போட்டு எண்ணைக் கொடுங்கள், கே சின்ன எழுத்தில். பெரிய எழுத்தில் அடித்தால் எல்லாச் செஷனும் போய்விடும். அனுமதி வாங்கிச் செய்த ஒரு சோதனையில், நள்ளிரவுக்கு மேல், கவனிக்காமல் பெரிய எழுத்தில் நான் அடித்திருக்கிறேன். விடியும்வரை அதே வேலையைத் திரும்பச் செய்தேன்.

சரி, இப்போது 'ஜாப்ஸ்' அடித்துப் பாருங்கள். 0 என்ற எண்ணில் ஹேண்ட்லர் இருந்தால் திரும்ப ஓட்டவே வேண்டாம். டார்கெட் மெஷினில் பேலோடை (ஹேண்ட்லருக்கு இணைப்பு அனுப்பும் நிரல்) மட்டும் இன்னொரு முறை இயக்குங்கள், செஷன் வந்துவிடும்.