வாசகர் கேள்வி: தீவு முழுக்க ஒரே நிறம்!

கேள்வி: சிங்கப்பூர் நன்னீர் நண்டுக்கு வாழிட வரைபடம் செய்கிறேன். உலகளாவிய 1 கிலோமீட்டர் தரவைப் போட்டால் தீவு முழுக்க ஒரே நிறமாக வருகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: கட்டம் பெரிது, தீவு சின்னது. 1 கிலோமீட்டர் தரவு என்பது 30 விநாடிக் (பாகையின் 120-ல் ஒரு பங்கு) கட்டம்; அதன் பக்கம் இங்கே ஏறக்குறைய 925 மீட்டர். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தின் பரப்பே 163 ஹெக்டேர்தான்; இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நண்டு இருப்பதோ தாண்டிக் குதிக்கக்கூடிய ஓடையில். வெப்பநிலை தீவுக்குள் பெரிதாக மாறுவதில்லை; மழை இடத்துக்கு இடம் மாறினாலும் ஓடைக்கு ஓடை உள்ள வேறுபாட்டை இவ்வளவு பெரிய கட்டம் காட்டாது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

30 மீட்டர் உயரத் தரவை எடுத்துச் சரிவையும் நீரோட்டத் திசையையும் கணக்கிடுங்கள். ஒரு சிக்கல்: எஸ்ஆர்டிஎம் (விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு) போன்றவை காட்டில் தரையைக் காட்டாது, அதற்கு மேலே மரத் தழைக்கூரையில் ஒரு மட்டத்தையே காட்டும். அதை நம்பிக் கணக்கிட்டால் ஓடை மேடேறும்! தெரிந்த ஓடைகளின் கோடுகளை முதலில் தரவில் சில மீட்டர் பள்ளமாகப் பதித்துவிட்டு, பிறகு கணக்கிடுங்கள். காட்டுப் பரப்பு, கட்டடப் பரப்பு இவற்றை அந்தக் கட்டத்தில் மட்டும் பார்க்காமல், மேலே நீர் வடிந்துவரும் பகுதி முழுவதற்கும் சராசரி எடுங்கள். ஓடை நீரின் தன்மை மேலிருந்துதான் வருகிறது.

நண்டு கிடைத்த இடங்களின் புள்ளிகளெல்லாம் வரைபடத்தில் இந்தோனேசியப் பக்கம் ஒரே குவியலாக விழுந்தால் பதற வேண்டாம். பாகையில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எஸ்விஒய்21 (சிங்கப்பூரின் மீட்டர் ஆள்கூற்று முறை) மீட்டராக ஏற்றியிருப்பீர்கள். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் அந்தப் புள்ளி அடுக்கின் ஆள்கூற்று முறையை டபிள்யூஜிஎஸ்84 (பாகையில் அளக்கும் உலகளாவிய முறை) என்று மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் அருகிலுள்ள ஓடைக்கு நகர்த்துங்கள். கட்டத்துக்கு ஒரு புள்ளி போதும்.