மேலேறிய ஸ்டீயரிங் கீழிறங்க மறுத்தால் வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: 10 ஆண்டு முடிந்ததும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, 11 ஆண்டுப் பழைய சொகுசு கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். எஞ்சினை நிறுத்தியதும் ஸ்டீயரிங் தானாக மேலே ஏறி, மீண்டும் கிளப்பும்போது பழைய இடத்திற்கு இறங்கும். கடந்த வாரம் மேலே ஏறியது இறங்கவே இல்லை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும் ஓசை கேட்கிறது, ஆனால் அசைவு இல்லை. ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகர்வதில் குறையில்லை. பட்டறையில், சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீயரிங் தூண் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சில ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். கைக்கருவிகள் பிடித்துப் பழக்கம் உண்டு. நானே சரிசெய்ய முடியுமா? அதுவரை காரை ஓட்டலாமா? (சிங்கப்பூர், யீஷூன் வாசகர்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காரை நிறுத்திய நிலையில், ஸ்டீயரிங் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து, மேலும் கீழும் அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள். அது சிறிதும் அசையாமல் நின்றால், மேலே இருக்கும் அந்த நிலையிலேயே உங்களால் சாலையையும் வேகமானியையும் தடையின்றிப் பார்த்து ஓட்ட முடிந்தால், பட்டறைவரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். கையோடு சேர்ந்து தூண் ஆடினாலோ, கொஞ்சம் இறங்கி மீண்டும் ஏறினாலோ, அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இழுவை வண்டியை அழைப்பதே சரி. திருப்பத்தில் ஸ்டீயரிங் சட்டென்று மடியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி பழுதுக்கு வருவோம். மின்விசையில் நகரும் ஸ்டீயரிங் தூணில் பெரும்பாலும் இரண்டு சிறு மோட்டார்கள் இருக்கும். ஒன்று தூணை ஏற்றி இறக்கும். மற்றொன்று முன்னும் பின்னும் நகர்த்தும். ஒவ்வொரு மோட்டாரின் முனையிலும் எஃகினாலான திருகு வடிவப் பல் ஒன்று இருக்கும். அது ஒரு நைலான் பல்சக்கரத்தைச் சுழற்ற, பல்சக்கரம் ஒரு நீண்ட திருகுத்தண்டைச் சுழற்ற, திருகுத்தண்டின்மேல் ஏறியுள்ள மரை (நட்) நகர்ந்து தூணை இழுத்துச் செல்கிறது. மோட்டார் எத்தனை சுற்று சுழன்றது என்பதை ஓர் உணரி எண்ணி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். நினைவில் வைத்த இடத்திற்கு ஸ்டீயரிங் தானாகத் திரும்புவது இந்தக் கணக்கால்தான்.

உங்கள் கடிதத்தில் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது என்றால், ஃபியூஸ், பொத்தான், கம்பிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் தாண்டி மின்சாரம் மோட்டாரை அடைந்துவிட்டது என்று பொருள். மோட்டாருக்கும் தூணுக்கும் இடையே விசையைக் கடத்தும் பாகம் ஒன்றுதான் உடைந்திருக்கிறது. அது பெரும்பாலும் நைலான் பல்சக்கரமாக இருக்கும். சில வடிவமைப்புகளில் வளையும் கம்பி வடமோ, இணைப்புப் புஷ்ஷோ, மரையோ தேய்ந்திருக்கும். இவற்றில் எதற்காகவும் தூண் முழுவதையும் மாற்ற வேண்டிய தேவை பொதுவாக இல்லை. பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பல நிறுவனங்கள் இந்தச் சிறு பாகத்தைத் தனியாக விற்பதில்லை. பாகப் பட்டியலில் தூண் மட்டுமே இருந்தால் அவர் அதைத்தான் விலை சொல்ல முடியும்.

ஓசை வேறு மாதிரி இருந்திருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். ஓசையே இல்லையென்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிப்பேன். எஞ்சின் ஓடாதபோது முழுச் சார்ஜுள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அது நன்றாகக் குறைந்திருந்தால், பல கார்கள் எஞ்சின் கிளம்புவதற்கான மின்சாரத்தைக் காப்பதற்காக இருக்கை, ஸ்டீயரிங் போன்ற வசதிகளைத் தாமாகவே நிறுத்திவைக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தூண் அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டால், ஒன்று எங்கோ இறுகியிருக்கிறது, அல்லது உணரியின் எண்ணிக்கை வராததால் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. ஒரு திசையில் மட்டும் இயங்கினால் பொத்தானைப் பாருங்கள். இத்தகைய மின்பழுதுகளைக் கண்டறிய, காரின் உடற்பகுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்; இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல எஞ்சின் பழுதுகளை மட்டுமே காட்டும்.

வேலையில் இறங்குமுன் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். தூணுக்கு வெளியே போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும் மோட்டார், பல்சக்கரப் பெட்டி, திருகுத்தண்டு ஆகியவை கவனமுள்ள ஒருவர் வீட்டில் தொடத்தக்கவை. ஏர்பேக், அதன் பின்னே சுருண்டிருக்கும் தட்டைக் கம்பி, ஸ்டீயரிங் கோண உணரி, உள்ளே ஓடும் தண்டு, அதன் மூட்டுகள், தூணை டேஷ்போர்டுக்குள் தாங்கும் பிடிகள் ஆகியவை தொடத்தகாதவை. விபத்தின்போது ஓட்டுநரின் மார்பில் மோதாமல் உள்வாங்கிச் சுருங்கும்படி தூண் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுத்தியலால் தட்டுவதும், துளையிடுவதும், அசையாமல் நிற்கட்டும் என்று பற்றவைப்பதும், கட்டிவைப்பதும் அந்தக் காப்பைக் கெடுத்துவிடும். உங்கள் காரில் மோட்டாரைக் கழற்றவே தூணை இறக்க வேண்டும் என்று பழுதுபார்ப்புக் கையேடு சொன்னால், இந்த வேலை உங்களுக்குரியதன்று. அப்போது பட்டறையிடம், தூணை மாற்றாமல் பல்சக்கரத்தை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. சின் மிங், காக்கி புக்கிட் பகுதிகளில் அதைச் செய்ய முன்வரும் மெக்கானிக்குகளைத் தேடிப் பார்க்கலாம்.

எங்கே வைத்துச் செய்வது என்பதும் சிங்கப்பூரில் ஒரு கேள்விதான். சொந்தக் கார் கொட்டகை உள்ளவர்களுக்குக் கவலையில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலோ கொண்டோமினியத்திலோ நிறுத்துபவர்கள், அங்கே பழுதுபார்க்க என்ன விதிகள் இருக்கின்றன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை பேட்டரியின் எதிர்மின் முனையை (−) கழற்றுவது. உங்கள் காரைப் போன்ற பல சொகுசு கார்களில் பேட்டரி பின்பெட்டிக்குள் இருக்கும். முனையைக் கழற்றிய பிறகு பின்பெட்டியை மூடிவிட்டால், மின்பூட்டு திறக்காது. ஆகவே சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பின்பெட்டியைத் திறந்தே விடுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னும் ஏர்பேக் பெட்டியில் சற்று நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். டொயோட்டா 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. வேறு சில நிறுவனங்கள் பல நிமிடங்கள் கேட்கின்றன. கால் மணி நேரம் காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைக் கழற்றாதீர்கள், மல்டிமீட்டரின் முனையையும் அவற்றில் வைக்காதீர்கள். ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே உள்ள தகட்டின் பின்னாலும் சில கார்களில் ஏர்பேக் உண்டு. உங்கள் காரில் இருந்தால், அந்தத் தகட்டைக் கழற்றாமல் மோட்டாரை அடைய வழியுண்டா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

தூணைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை, அடியிலிருந்து இரண்டு மூன்று திருகுகளாலும் ஓரங்களில் கொக்கிகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். சில கார்களில் அந்தத் திருகுகளை எட்டுவதற்கு ஸ்டீயரிங் சக்கரத்தை அரைவட்டம் அளவு திருப்ப வேண்டியிருக்கும். அதை பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே செய்து, திருகுகளை எடுத்தபின் சக்கரங்களை நேராக்கி வையுங்கள். 11 ஆண்டு இந்த வெயிலில் நின்ற பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும் என்பதால், கொக்கிகளை இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்புகோலால் விடுவியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே போங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துமுன், ஒரு பட்டையாலோ மரக்கட்டையாலோ தூணுக்கு முட்டுக் கொடுங்கள். தூணுடன் சமநிலைச் சுருள்வில் இணைந்திருக்கும் கார்களில், பிடி விட்டதும் தூண் எதிர்பாராத திசையில் எகிறும்.

பல்சக்கரப் பெட்டியைத் திறந்ததும், ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கிய நைலான் சக்கரமோ, நடுவில் வெடித்த சக்கரமோ தெரியக்கூடும். இங்கே பலரும் மகிழ்ச்சியோடு புதுச் சக்கரத்தை மாட்டி மூடிவிடுவார்கள். சில மாதங்களில் அதுவும் உடையும். பல்சக்கரம் தானாகக் கெடுவது அரிது. திருகுத்தண்டிலும் தூணின் சறுக்குப் பகுதியிலும் உள்ள கிரீஸ், வெயிலில் நிறுத்திய காரின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து மெழுகாக இறுகிவிடுகிறது. மோட்டார் முன்னைவிட அதிக விசையோடு இழுக்க, வரிசையில் எது மிக மெல்லியதோ அது முதலில் போகிறது. நாளொன்றுக்குப் பலமுறை ஏறி இறங்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இது இன்னும் விரைவில் நேரும், ஏனெனில் ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் தூண் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி எழும் பழக்கமும் அதே மரையின்மேல்தான் பாரத்தைப் போடுகிறது.

எனவே உண்மையான பழுதுபார்ப்பு திருகுத்தண்டில்தான் இருக்கிறது. பழைய கிரீஸை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியாலும் பழைய பல்துலக்கியாலும் முற்றிலும் எடுத்துவிடுங்கள். பெட்ரோலும் பிரேக் சுத்திகரிப்பானும் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும். பிறகு திருகுத்தண்டைக் கையால் முழு நீளத்திற்கும் திருப்பிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுழல வேண்டும். மரையில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக்குக்கு உகந்தது என்று குறிப்பிட்ட செயற்கை கிரீஸை மெல்லிய பூச்சாக இடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்குத் தெளிக்கும் எண்ணெய் இதற்கு ஆகாது. அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டு ஓடிவிடும்.

புதுப் பல்சக்கரம் வாங்கும்போது பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், தடிமன், நடுத்துளையின் அளவு, பற்கள் சாய்ந்திருக்கும் திசை ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். எனவே முதல்முறை திறப்பதை அளவெடுப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அளந்தபின் திருகுத்தண்டைக் கையால் திருப்பி, தூணை உங்களுக்கு வசதியான உயரத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் பழையபடி மூடுங்கள். பாகம் வரும்வரை காரின் அமைப்புப் பட்டியலில், தானாக ஏறி இறங்கும் வசதியை அணைத்துவிட்டு, முதலில் சொன்ன தள்ளிப் பார்க்கும் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அது தேறாமல் ஓட்ட வேண்டாம். முப்பரிமாண அச்சில் செய்து தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் தவிர்த்துவிடுங்கள்; மூடிய காரின் வெப்பத்தில் அந்தப் பற்கள் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை.

தனிப் பல்சக்கரம் கிடைக்காவிட்டால், பிரித்தெடுத்த காரிலிருந்து மோட்டாரும் பெட்டியும் சேர்ந்த பாகத்தை வாங்கலாம். இந்த வகையில் சிங்கப்பூர் வசதியான ஊர். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கார்கள்கூட, உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டு முடிந்ததால் பதிவு நீக்கப்படுகின்றன. ஆனால் தூணை முழுதாக வாங்காதீர்கள். விபத்துக்குள்ளான காரிலிருந்து வந்திருந்தால், வெளியே தெரியாதபடி அது ஏற்கெனவே சுருங்கியிருக்கக்கூடும். மேலும் ஸ்டீயரிங் பூட்டு பல கார்களில் அந்தந்தக் காரின் சாவியோடு மின்னணு முறையில் இணைக்கப்பட்டிருக்கும். வாங்கிய மோட்டாரைக் காரில் பூட்டுமுன் மேசைமேல் வைத்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்து இரு திசையிலும் ஓட்டிப் பார்க்கலாம். காரின் கம்பிகளில் வெளி மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது.

போல்ட்டுகளைக் கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, கம்பிகள் எதுவும் நகரும் பாகங்களுக்கிடையே நசுங்காததைப் பார்த்து, பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். பேட்டரி துண்டிக்கப்பட்டதால் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் எல்லைகளை மறந்திருக்கலாம். பல கார்களில் பொத்தானை அழுத்திப் பிடித்து, தூணை முழுவதும் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று கடைக்கோடிவரை கொண்டுபோய்ச் சில விநாடிகள் நிறுத்தினால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். கண்ணாடி ஜன்னல்களுக்கும் அப்படியே. சறுக்கல் தடுப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், ஸ்டீயரிங் சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பி, சற்றுத் தூரம் நேராக ஓட்டியதும் பல கார்களில் அணைந்துவிடும். ஏர்பேக் விளக்கோ காரைக் கிளப்பியதும் எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால், அல்லது எரியவே இல்லையென்றால், நீங்கள் எந்தக் கனெக்டரையும் தொடவில்லை என்று உறுதியாக நம்பினாலும், பட்டறையில் பழுதுக் குறியீட்டைப் படிக்கச் செய்யுங்கள்.

உங்கள் கார் 10 ஆண்டைத் தாண்டிவிட்டதால் ஆண்டுதோறும் விக்காம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே ஸ்டீயரிங்கையும் பார்ப்பார்கள். பரிசோதனைக்கான நாள் அண்மையில் இருந்தால், இந்த வேலையை அதற்கு முந்திய வார இறுதியில் தொடங்காதீர்கள். பாகம் வரத் தாமதமானால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்காது.