மணி அடிச்ச பிறகு அந்தப் பிள்ளை யார் பொறுப்பு?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ஒரு எலிமெண்டரி ஸ்கூல்ல உதவி ஆசிரியரா இருந்தேன், இந்த வருஷம் ஆஃப்டர் ஸ்கூல் ப்ரோக்ராமுக்கு கோஆர்டினேட்டரா போட்டுட்டாங்க. ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் 46 பிள்ளைங்க, என்னையும் சேர்த்து ஸ்டாஃப் நாலு பேர், மூணேகால்ல இருந்து ஆறு மணி வரைக்கும். ஆக்டிவிட்டி பிளான் எல்லாம் பாத்துப் பாத்து எழுதினேன். ஆனா முதல் அரை மணி நேரம் சந்தைக்கடை மாதிரி இருக்கு, ஹோம்ஒர்க் முடிய மாட்டேங்குது, சாயங்காலம் ரெண்டு மூணு பேரண்ட்ஸ் தினமும் லேட்டா வர்றாங்க, காலைல கிளாஸ் டீச்சர்ஸ் வந்து எங்க ரூமைக் கலைச்சு வச்சிருக்கீங்கன்னு வருத்தப்படறாங்க. எங்க இருந்து சரி பண்ண ஆரம்பிக்கறது?"

உங்க ஆக்டிவிட்டி பிளான்ல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணல. நீங்க சொன்ன நாலும் தனித்தனி பிரச்சனை மாதிரி தெரியுது, ஆனா நாலும் ஒரே மாதிரி இடத்துலதான் முளைக்குது, அதாவது பொறுப்பு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு மாறுற இடத்துல. கிளாஸ் டீச்சர்கிட்ட இருந்து உங்ககிட்ட, ஸ்னாக்ஸ் டேபிள்ல இருந்து ஹோம்ஒர்க் ரூமுக்கு, கடைசியா உங்ககிட்ட இருந்து அம்மா அப்பாகிட்ட. ரூமும் அப்படித்தான், டீச்சர்கிட்ட வாங்கறோம், திருப்பிக் குடுக்கறோம். ஆக்டிவிட்டி நடக்கிற நாப்பது நிமிஷத்துல பெருசா எதுவும் கெட்டுப் போறதில்ல, நடுவுல வர்ற அஞ்சஞ்சு நிமிஷத்துலதான் எல்லாம் கெடுது. அதனால முதல் மாசம் ஆக்டிவிட்டியைத் தொடாதீங்க, இந்த இடைவெளியை மட்டும் சரி பண்ணுங்க.

எல்லாத்துலயும் முக்கியமானது மணி அடிச்ச உடனே வர்ற பத்து நிமிஷம். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், ரெண்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி. லிஸ்ட்ல பேர் இருக்கு, ஆளைக் காணோம். இன்னைக்கு லீவு போலன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம், எங்ககிட்ட வந்து சேர்ந்திருப்பான்னு கிளாஸ் டீச்சர் நினைச்சுக்கிட்டாங்க. இருபது நிமிஷம் கழிச்சு தண்ணி பிடிக்கப் போன ஸ்டாஃப் ஒருத்தர் பாத்தாங்க, லைப்ரரிக்கு வெளிய பெஞ்ச்ல பேக்கை மடியில வச்சு ரெண்டு கையாலயும் ஜிப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அழல. யாராவது வந்து சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. அன்னைக்கு வேன்ல போகணுமா இல்ல இங்க வரணுமான்னு காலைல அம்மா சொன்னது மறந்து போச்சு, ஏழு வயசுதானே. அவளுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த இருபது நிமிஷம் அவ யார் பொறுப்புல இருந்தான்னு கேட்டா எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. அதை நான் இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் நாங்க மாத்தினது இதுதான், நீங்களும் இப்படியே செய்யலாம். மணி அடிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அன்னைக்கு வரவேண்டிய பிள்ளைங்க லிஸ்ட்டை எடுத்து, ஆபீஸ்ல இருந்து அன்னைக்கு ஆப்சென்ட் லிஸ்ட்டையும் பாதியில கூட்டிட்டுப் போனவங்க விவரத்தையும் வாங்கி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடுங்க, அப்போ ஸ்கூலுக்கே வராத பிள்ளை யாரு, ஸ்கூலுக்கு வந்தும் உங்ககிட்ட வந்து சேராத பிள்ளை யாருன்னு குழப்பமே இருக்காது. ரெண்டாவது வகையில ஒரே ஒரு பேர் மிச்சம் இருந்தாலும் மணி அடிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள தேடல் ஆரம்பிச்சுடணும், முதல்ல கிளாஸ் டீச்சர், அடுத்து டாய்லெட்டும் ஸ்கூல் வாசல் கேட்டும், அப்புறம் பேரண்ட்டுக்கு போன், யார் எதைச் செய்யறதுன்னு முன்கூட்டியே பேர் போட்டு வச்சிருக்கணும். ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்களை நடந்து வான்னு விடாதீங்க, ஒரு ஸ்டாஃப் கிளாஸ் வாசலுக்கே போய் டீச்சர் முன்னாடி பேர் கூப்பிட்டு வாங்கிட்டு வரட்டும். பெரிய பிள்ளைங்க தானா வரலாம். இன்னைக்கு என் பையன் வர மாட்டான், வேற ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு மாத்தறதா இருந்தா பேரண்ட்ஸ் ஒரே ஒரு வழியில, எழுத்துல, இத்தனை மணிக்குள்ளன்னு சொல்லியிருக்கணும். பிள்ளை வாய்ல சொல்லி அனுப்பறது கணக்குல வராது. இதை வருஷ ஆரம்பத்துலயே ஃபார்ம்ல போட்டு கையெழுத்து வாங்கிடுங்க.

இடம் மாறும்போதெல்லாம் எண்ணுங்க. தலையை மட்டும் எண்ணாம பேரையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்க, ஏன்னா வேற குழுவுல இருந்து ஒரு பிள்ளை வந்து நின்னா நம்பர் சரியா வந்துடும், காணாமப் போன பிள்ளை தெரியவே தெரியாது.

சரி, அந்த சந்தைக்கடைக்கு வருவோம். ஆறேழு மணி நேரம் கிளாஸ்ல அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துட்டு வர்ற பிள்ளை, வந்த உடனே மறுபடி லைன்ல நில்லு, பேசாதேன்னா நிக்காது, அது அடங்காத பிள்ளைங்கறதால இல்ல, உடம்பு கேக்குது. முழுக் கூட்டமும் வந்து சேர்ற வரைக்கும் வந்தவங்களைக் காக்க வைக்கறதுதான் அந்த இரைச்சலுக்குக் காரணம். அதனால வாசல்ல பேர் டிக் பண்ணின உடனே ஒவ்வொரு பிள்ளைக்கும் போக ஒரு இடம், செய்ய ஒரு வேலை இருக்கணும். பேக்கை அதோட இடத்துல வை, டாய்லெட் போ, சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவு, உட்கார்ந்து ஸ்னாக்ஸ் சாப்பிடு, சாப்பிட்டு முடிச்சவங்க ஒரு ஸ்டாஃபோட வெளிய விளையாடப் போங்க. 46 பேரையும் ஒரே நேரத்துல உட்கார வச்சுப் பரிமாறாதீங்க, சின்னவங்க முதல்ல சாப்பிடட்டும், பெரியவங்க அந்த நேரம் ஓடட்டும், அப்புறம் மாத்திக்கலாம். 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் நல்லா உடம்பை அசைச்சு விளையாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நிறைய பிள்ளைங்களுக்கு அதுல பெரும்பகுதி கிடைக்கிற ஒரே இடம் நம்மதான். ஹோம்ஒர்க்குக்கு நேரம் பத்தலைன்னு விளையாட்டு நேரத்துல கை வைக்காதீங்க, ஓடி வந்த பிள்ளைதான் நிம்மதியா உட்காருது.

ஹோம்ஒர்க்ல உங்க மேலயே தப்பு இருக்கற மாதிரி எழுதியிருக்கீங்க, அப்படி இல்ல. ஒரு கிரேடுக்கு ராத்திரிக்கு பத்து நிமிஷம்னு ஒரு பழைய கணக்கு உண்டு, ஒண்ணாம் கிளாஸ்னா 10, அஞ்சாம் கிளாஸ்னா 50. ஹாரிஸ் கூப்பர்ங்கற அமெரிக்க ஆய்வாளர் தலைமையில 2006ல வந்த ஆய்வுத் தொகுப்புல, ஹோம்ஒர்க்குக்கும் மார்க்குக்கும் இருக்கிற தொடர்பு பெரிய கிளாஸ் பிள்ளைங்கள்ல தெரிஞ்ச அளவுக்கு சின்ன கிளாஸ் பிள்ளைங்கள்ல தெரியலன்னு வந்துச்சு. அப்போ எல்லாரையும் ஒரே ரூம்ல ஒரு மணி நேரம் அடைச்சு வைக்கறதுல அர்த்தம் இல்ல, ஒண்ணாவது பிள்ளை பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு பக்கத்துல இருக்கிறவனைச் சீண்டத்தான் செய்யும். சின்னவங்களுக்குத் தனி டேபிள், குறைஞ்ச நேரம், முடிச்ச உடனே போக ஒரு அமைதியான மூலை. பேரண்ட்ஸ்கிட்ட முடிச்சுத் தர்றோம்னு வாக்கு குடுக்காதீங்க. நேரம் தர்றோம், இடம் தர்றோம், சந்தேகம் கேட்டா சொல்லித் தர்றோம், இவ்வளவுதான் நம்ம வாக்கு. முடியலன்னா நோட்டுல ஒரு வரி எழுதி விடுங்க, "அரை மணி நேரம் முயற்சி பண்ணினா, கழித்தல்ல கடன் வாங்கற இடத்துல நின்னுட்டா"ன்னு. அந்த ஒரு வரி டீச்சருக்கு எவ்வளவு உதவும்னு நீங்களே டீச்சரா இருந்தவங்க, உங்களுக்குத் தெரியும்.

ஆக்டிவிட்டி பத்தி ஒண்ணு மட்டும். டர்லாக், வைஸ்பெர்க், பச்சான்னு மூணு ஆய்வாளர்கள் ஆஃப்டர் ஸ்கூல் ப்ரோக்ராம்கள் பத்தி 2010ல வெளியிட்ட தொகுப்பாய்வுல, படிப்படியா சொல்லித் தர்றது, பிள்ளைங்களே கையால செஞ்சு பாக்கறது, அதுக்குன்னு நேரம் ஒதுக்கறது, என்ன கத்துக்கறோம்னு தெளிவா வச்சுக்கறது, இந்த நாலும் இருந்த ப்ரோக்ராம்ல பிள்ளைங்ககிட்ட நல்ல மாற்றம் தெரிஞ்சுது, இல்லாததுல பெருசா தெரியல. அதனால தினம் ஒரு புது ஐட்டம் தேடி அலைய வேண்டாம், ஒரே விஷயத்தை ஆறு வாரம் வளர்த்துக்கிட்டுப் போங்க, உங்களுக்கும் வேலை குறையும்.

இப்போ ஸ்டாஃப் கணக்கு. ஆறு வயசுக்கு மேல இருக்கிற பிள்ளைங்களுக்கு 10ல இருந்து 15 பேருக்கு ஒரு பெரியவர்னு இந்தத் துறையில பரவலா வச்சுக்குவாங்க, உங்க இடத்து விதி வேற நம்பர் சொன்னா அதுதான் உங்களுக்குக் கட்டாயம். பேப்பர்ல நீங்க நாலு பேர், அப்போ ஆளுக்கு 11, 12 பிள்ளைங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போன் எடுக்கறது நீங்க, வாசல்ல நிக்கறது நீங்க, முட்டில அடிபட்டு வர்ற பிள்ளையைப் பாக்கறது நீங்க, அப்போ நிஜத்துல மூணு பேர்தான், ஆளுக்கு 15க்கும் மேல போகுது. கோஆர்டினேட்டரை இந்தக் கணக்குல சேர்க்கவே கூடாது, இதை நீங்க பிரின்சிபல்கிட்ட தயங்காம சொல்லணும். முழு நேரத்துக்கு ஆள் தர முடியலன்னா வந்து சேர்ற முதல் 45 நிமிஷத்துக்கு மட்டுமாவது ஒரு ஆள் கேளுங்க. ஸ்டாஃபை கால் மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லுங்க, அந்த நேரத்துக்கும் சம்பளம் போட வைங்க, மணி அடிக்கும்போது ஓடி வர்ற ஸ்டாஃபுக்கு அன்னைக்கு யார் வரலன்னு எப்படித் தெரியும்.

ரூம் விஷயம் சுலபம். உள்ள போனதும் போன்ல ஒரு போட்டோ, கிளம்பறப்போ அதைப் பாத்து அதே மாதிரி வச்சுட்டு இன்னொரு போட்டோ. பிள்ளைங்க டெஸ்க்குக்குள்ள கை விடக்கூடாது, போர்டுல டீச்சர் அழிக்காதேன்னு எழுதினதைத் தொடக்கூடாது, உங்க பொருள் எல்லாம் உங்க பெட்டியிலயே வந்து உங்க பெட்டியிலயே போகணும். இதெல்லாம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டீச்சரையும் நேர்ல பாத்து, இந்த ரூம்ல நாங்க எதைத் தொடவே கூடாதுன்னு கேளுங்க. கேட்டாலே பாதி வருத்தம் போயிடும்.

பிக்கப்ல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, எழுத்துல பேர் இருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பிள்ளையை விடணும், முகம் தெரியாதவங்கன்னா ஐடி பாக்கணும், தாத்தாவா இருந்தாலும் சரி. அப்பா அம்மா பிரிஞ்சிருக்கிற குடும்பம்னா யார் கூட்டிட்டுப் போகலாம்கறதுக்கு கோர்ட் ஆர்டர் காப்பி ஃபைல்ல இருக்கணும், யாராவது வந்து வாசல்ல வாய்ல சொல்றதை வச்சு நீங்க முடிவு எடுக்காதீங்க.

ரெண்டாவது லேட். ஒரு சாயங்காலம் மூணாம் கிளாஸ் பையன் ஒருத்தன் ஜன்னல்ல மூக்கை அழுத்தி வச்சுக்கிட்டு வர்ற கார் லைட்டை ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தான், கண்ணாடில அவன் மூச்சு பட்டு வட்டமா பனி படியும், கையால துடைச்சுட்டு மறுபடி பாப்பான். எனக்குப் பின்னாடி நின்ன ஸ்டாஃப், இன்னைக்கும் இவங்க வீட்டுலதானான்னு மெதுவாத்தான் சொன்னாங்க. அவன் திரும்பிப் பாக்கல, துடைக்கறதை மட்டும் நிறுத்திட்டான். அன்னைல இருந்து பிள்ளை காதுபட லேட் பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு வச்சிருக்கேன். கடைசியா மிஞ்சற பிள்ளைங்களுக்குன்னே ஒரு நல்ல வேலை வச்சிருங்க, நாளைக்கான பொருள் எடுத்து வைக்கறது, செடிக்குத் தண்ணி ஊத்தறது மாதிரி, இருட்டுல தனியா விட்டுட்டாங்கங்கற நினைப்பே வராது. பேரண்ட்டை மறுநாள் பகல்ல கூப்பிட்டுப் பேசுங்க, "உங்களுக்கு ஆறு மணி கஷ்டமா இருக்கா, வேற யார் பேரையாவது லிஸ்ட்ல சேர்த்துக்கலாமா"ன்னு கேளுங்க, முக்கால்வாசி பேர் வேலை இடத்துல மாட்டிக்கிட்டவங்கதான். அப்புறமும் தொடர்ந்தா எழுத்துல நோட்டீஸ், அடுத்து பிரின்சிபல், எத்தனையாவது தடவைக்கு என்னன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி. கடைசிப் பிள்ளை போற வரைக்கும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், ஒருத்தரா இருக்கவே கூடாது.

நீங்க கேக்கல, ஆனா இதைச் சொல்லாம விட முடியாது. ஸ்கூல் நர்ஸ் மணி அடிச்சதும் கிளம்பிடுவாங்க, ஆஸ்துமா பிள்ளையோட இன்ஹேலரும் கடும் அலர்ஜி இருக்கிற பிள்ளையோட எபினெஃப்ரின் ஊசியும் அவங்க ரூம்ல பூட்டி இருக்கும். நாலு மணிக்கு ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுத்தா சாவி யார்கிட்ட? இந்த வாரமே கேளுங்க, பேரண்ட்ஸ்கிட்ட சொல்லி உங்க ப்ரோக்ராமுக்குன்னு தனியா ஒரு செட் மருந்தும் டாக்டர் எழுதின பிளானும் வாங்குங்க, ஸ்டாஃப் எல்லாருக்கும் பயிற்சி குடுக்க வைங்க. ஃபயர் டிரில்லும் சாயங்காலம் ஒரு தடவை நடத்துங்க, பகல்ல திறந்திருக்கிற வழி எல்லாம் நாலரை மணிக்குத் திறந்திருக்கான்னு அப்போதான் தெரியும்.

நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க எந்தக் குழுவையும் எடுக்காதீங்க, ஒரு மணி நேரத்துக்கு யாரையாவது உதவிக்குக் கேட்டுட்டு வாசல்ல ஒரு பேப்பரும் வாட்ச்சும் வச்சுக்கிட்டு நில்லுங்க. முதல் பிள்ளை எப்போ வந்துச்சு, கடைசிப் பிள்ளை எப்போ வந்துச்சு, எந்த கிளாஸ் லேட்டா விடுறாங்க, எந்த இடத்துல கூட்டம் தேங்குது, எத்தனை பிள்ளைங்க செய்ய வேலை இல்லாம நிக்கறாங்க, எல்லாத்தையும் குறிங்க. ஆள் கேட்டு பிரின்சிபலைப் பாக்கப் போறப்போ அந்தப் பேப்பரையும் கையில எடுத்துட்டுப் போங்க.